சிரிப்பு யாருடையது?

விடுதி அறையில் நான்கு நண்பர்கள் ஒரு கைபேசியைச் சுற்றி அமர்ந்து அமெரிக்க நகைச்சுவைத் தொடர் ஒன்றைப் பார்க்கிறார்கள். அறையில் இருப்பவர் நால்வர்; கேட்கும் சிரிப்பொலியோ நானூறு பேருடையது. நடிகர் ஒரு சொல்லைச் சொல்லி வாய் மூடுகிறார். உடனே கண்ணுக்குத் தெரியாத கூட்டம் ஒன்று கொல்லென்று சிரிக்கிறது. "யாரடா இவர்கள்?" என்று ஒருவன் கேட்கிறான். "யாரும் இல்லை. எல்லாம் பதிவு செய்து வைத்த பொய்ச் சிரிப்பு" என்று மற்றொருவன் தீர்ப்பளிக்கிறான். அத்துடன் வழக்கு முடிந்துவிடுகிறது.

இந்தத் தீர்ப்பு பாதி சரி, பாதி தவறு. பொய்ச் சிரிப்பு உண்டு என்பது உண்மையே. ஆனால் அத்தொடர்களுள் பல, முந்நூறு பேர் நேரில் அமர்ந்திருக்க, அவர்கள் கண்முன்னே நடித்துப் படமாக்கப்பட்டவை. அங்கே கேட்பது உயிருள்ள மனிதர்களின் சிரிப்பு. இரண்டையும் ஒன்றாக எண்ணுவது, காகிதப் பூவைக் கண்டு ஏமாந்தவன் மல்லிகைத் தோட்டத்தையே ஐயுறுவது போன்றதாகும்.

அவையோர் முன்னிலையில் எடுக்கப்படும் நகைச்சுவைத் தொடரில் அந்த அவையோர் வேடிக்கை பார்க்க வந்தவர் மட்டும் அல்லர். தீர்ப்பு வழங்க வந்தவர். அவர்களை வெளியே அனுப்பிவிட்டு அவர்கள் சிரிப்பை மட்டும் வைத்துக்கொள்வது, நடிப்பவருக்கும் பார்ப்பவருக்கும் ஒருங்கே இழைக்கும் தீங்கு. இதுவே யான் ஈண்டு நிறுவ விழையும் கருத்து.

வானொலியில் பிறந்த வழக்கம்

இவ்வழக்கம் தொலைக்காட்சியில் தோன்றியது அன்று. அமெரிக்க வானொலியின் நகைச்சுவை நிகழ்ச்சிகள் பல, ஒலிபரப்பு அரங்கில் மக்களை அமர்த்தியே நடத்தப்பட்டன. லூசில் பால் என்னும் நடிகை 1948 முதல் 1951 வரை 'மை ஃபேவரிட் ஹஸ்பண்ட்' என்ற வானொலித் தொடரில் நடித்து வந்தார். தொடக்கத்தில் அவர் கையிலிருந்த தாளைப் பார்த்து ஒழுங்காகப் படித்துக் கொண்டிருந்தார். அத்தொடரின் தயாரிப்பாளரும் தலைமை எழுத்தாளருமான ஜெஸ் ஓப்பன்ஹைமர், ஜாக் பென்னி என்னும் நகைச்சுவை நடிகரின் வானொலி நிகழ்ச்சியை நேரில் சென்று பார்த்து வருமாறு அவரை அனுப்பினார். வானொலி என்பதால் கேட்போர்க்கு முகம் தெரியாது. ஆயினும் ஜாக் பென்னி அரங்கில் இருப்போருக்காக முகத்தாலும் உடலாலும் நடித்தார். அவையோர் சிரித்தனர்; அச்சிரிப்பைக் கேட்டு நாடெங்கும் வானொலிப் பெட்டியின் முன் இருந்தோரும் சிரித்தனர். இதைக் கண்ட பின் லூசில் பாலின் நடிப்பே மாறிவிட்டது. எதிரில் மக்கள் இருந்தால்தான் அவருடைய முழுத் திறமையும் வெளிப்படும் என்பதை உடனிருந்தோர் உணர்ந்தனர்.

அத்தொடரைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவர சி.பி.எஸ். நிறுவனம் விரும்பியது. தம் கணவராகத் தம் உண்மைக் கணவர் டெசி அர்னாஸே நடிக்க வேண்டும் என்றார் லூசில் பால். டெசி கியூபா நாட்டில் பிறந்தவர். அவர் பேசும் ஆங்கிலம் வேறு வகையாக ஒலிக்கும். இப்படி ஓர் இணையரை அமெரிக்க மக்கள் ஏற்பார்களா என்று நிறுவனத்தார் தயங்கினர். கணவனும் மனைவியும் வாதாடிக் கொண்டிருக்கவில்லை. 1950இல் இருவரும் ஊர் ஊராகச் சென்று மேடையில் நடித்துக் காட்டினர். மக்கள் சிரித்தனர், கைதட்டினர். வழக்கு மக்கள் மன்றத்திலேயே தீர்ந்தது.

மூன்று காமிராவும் முந்நூறு பேரும்

இவ்வாறு பிறந்ததே 'ஐ லவ் லூசி'. அதன் முதற்பகுதி 1951 அக்டோபர் 15ஆம் நாள் ஒளிபரப்பாயிற்று. அக்காலத்தில் பெரும்பாலான நிகழ்ச்சிகள் நியூயார்க் நகரிலிருந்து நேரடியாக ஒளிபரப்பப்பட்டன. தொலைவில் இருந்த நகரங்களுக்கு, தொலைக்காட்சித் திரையையே படமெடுத்த மங்கலான பிரதிகள் அனுப்பப்பட்டன. விளம்பரம் அளித்த புகையிலை நிறுவனம் இத்தொடரும் நியூயார்க்கிலிருந்து வரவேண்டும் என்றது. ஹாலிவுட்டை விட்டுச் செல்ல இணையர் விரும்பவில்லை. திரைப்படம் போலவே 35 மில்லிமீட்டர் பிலிமில் எடுத்துவிடுவோம் என்ற முடிவு அங்கே பிறந்தது. செலவு கூடியதால் இருவரும் தம் ஊதியத்தைக் குறைத்துக் கொண்டனர். அதற்கு ஈடாகப் படச்சுருள்களின் உரிமையைப் பெற்றனர். பிற்காலத்தில் மறு ஒளிபரப்புகளால் அவ்வுரிமை பெருஞ்செல்வமாயிற்று என்பது தனிக்கதை.

ஆனால் பிலிமில் எடுப்பதற்கும் அவையோர் முன் நடிப்பதற்கும் ஒத்துவராது. திரைப்படத்தில் ஒரு கோணத்தில் எடுப்பர், பின் நிறுத்தி விளக்குகளை மாற்றுவர், மீண்டும் எடுப்பர். அப்படிச் செய்தால் பார்க்க வந்தவர் கொட்டாவி விட்டு எழுந்து போய்விடுவர். இச்சிக்கலைத் தீர்க்கக் கார்ல் ஃபிராய்ண்ட் என்னும் ஒளிப்பதிவாளர் அழைக்கப்பட்டார். ஜெர்மானியர்களின் புகழ்பெற்ற 'மெட்ரோபொலிஸ்' (1927) படத்தில் பணியாற்றியவர். 'தி குட் எர்த்' படத்தின் ஒளிப்பதிவுக்காக ஆஸ்கர் பரிசு பெற்றவர். அவர் விளக்குகளைத் தரையிலிருந்து அகற்றி மேலே தொங்கவிட்டார். எக்கோணத்திலிருந்து பார்த்தாலும் ஒளி சீராக இருக்குமாறு அமைத்தார். இதனால் மூன்று காமிராக்களை ஒரே நேரத்தில் ஓட்ட முடிந்தது. நாடகம் தடையின்றி நடந்தது; மூன்று கண்கள் அதைப் பதிவு செய்தன; ஏறத்தாழ முந்நூறு பேர் படிப்படியாக அமைந்த இருக்கைகளில் அமர்ந்து பார்த்தனர்.

வாரம் முழுதும் ஒத்திகை. ஒருநாள் மாலை அவையோர் முன்னிலையில் அரங்கேற்றம். கதையின் வரிசைப்படியே, மேடை நாடகம் போல, முடிந்தவரை நிறுத்தாமல் நடித்தனர். லூசில் பாலின் தாயார் படப்பிடிப்புக்குத் தவறாமல் வந்து அமர்ந்திருப்பார். மகள் மாட்டிக்கொள்ளப் போகிறாள் என்று தெரிந்ததும் அவர் தம்மை மறந்து பதறும் குரல் இன்றும் அந்த ஒலிப்பதிவுகளில் கேட்கிறது. எழுபது ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் பதறிய ஒலி! இதைப் பொய்ச் சிரிப்பு என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

1957இல் வந்த ஒரு பகுதியில் லூசி கோழி முட்டைகளைத் தம் சட்டைக்குள் ஒளித்து வைத்திருப்பார். அது தெரியாத கணவர் அவரை நடனமாட அழைத்து, மார்போடு இறுக அணைப்பார். முட்டைகள் நொறுங்கும். லூசியின் முகத்தில் மட்டும் அந்த ஈரம் மெல்ல மெல்லத் தெரியும். அன்று எழுந்த சிரிப்பு ஒரு நிமிடத்திற்கும் மேலாக நீடித்தது. அந்த ஒரு நிமிடமும் லூசில் பால் ஒரு சொல்லும் பேசாமல் நின்று, அச்சிரிப்பை வாங்கிக்கொண்டார். எழுதிய தாளில் அந்த ஒரு நிமிடம் இருந்திருக்க முடியாது. அவையோர் அல்லவா அதை எழுதினர்!

ஒரு மாலைப் பொழுது

இன்றும் அமெரிக்காவில் இத்தகைய படப்பிடிப்பைக் காணச் செல்பவர் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. நுழைவுச் சீட்டு இலவசம். ஆனால் இருக்கைகளைவிடக் கூடுதலாகவே சீட்டுகள் வழங்கப்படும் என்பதால், சீட்டு வைத்திருப்பவரும் வரிசையில் நெடுநேரம் நிற்க வேண்டும். கைபேசியை வாங்கி வைத்துவிடுவர். உள்ளே சென்றால் முதலில் வியப்பூட்டுவது அதன் சிறுமை. திரையில் பெரிதாகத் தெரிந்த வீட்டுக் கூடம் மூன்று சுவர் மட்டும் உடைய ஒரு பெட்டி. அதை ஒட்டிச் சமையலறை. அதற்கடுத்துச் சிற்றுண்டிச் சாலை. எல்லாம் கடைவீதி போல் ஒரே வரிசையில் நிற்கும். மேற்கூரை இருக்க வேண்டிய இடத்தில் விளக்குகள். அவையோரின் தலைக்கு மேலே ஒலிவாங்கிகள் தொங்கும். அவை நடிகருக்காக அல்ல, சிரிப்பவருக்காக.

நடிகர் வருமுன் ஒருவர் வந்து அவையோரைக் கலகலப்பாக்குவார். இதுவே அவருடைய தொழில். ஊர் கேட்பார், பாடச் சொல்வார், மிட்டாய் எறிவார். காட்சிக்கும் காட்சிக்கும் இடையில் உற்சாகம் வடியாமல் பார்த்துக்கொள்வதும் அவரே. பின்னர் நடிகர் வருவர். காமிராக்கள் சக்கரங்களில் உருண்டு முன்னே வந்து நிற்கும். சில வேளைகளில் காமிராக்காரரின் முதுகுதான் தெரியும். அப்போது மேலே தொங்கும் சிறு திரைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டியதே. திரையில் இருபத்திரண்டு நிமிடம் ஓடும் ஒரு பகுதிக்கு மூன்று மணி முதல் ஐந்து மணி நேரம் வரை ஆகும். ஒரே காட்சி இரண்டு மூன்று முறை நடிக்கப்படும்.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய செய்தி உள்ளது. முதல் முறை ஒரு நகைச்சுவை வரிக்கு அவையோர் சிரிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். காமிராவுக்குப் பின்னால் நிற்கும் எழுத்தாளர்கள் கூடிப் பேசுகின்றனர். ஒருவர் சென்று நடிகரின் காதில் வேறொரு வரியைச் சொல்கிறார். அடுத்த முறை அந்தப் புதிய வரி வருகிறது. அவையோர் சிரித்தால் அது நிலைக்கும். இல்லையேல் மற்றொன்று தேடப்படும். பெயர் தெரியாத முந்நூறு பேர், ஒரு சொல்லும் பேசாமல், தம் மௌனத்தாலேயே எழுத்தாளனின் வரியை அடித்துத் திருத்துகிறார்கள்! தேர்வுத்தாளைத் திருத்தும் ஆசிரியர்கூட இவ்வளவு விரைவாக மதிப்பெண் இடுவதில்லை.

வரி மட்டுமன்று, சில வேளைகளில் கதையே மாறும். 'ஃபிரண்ட்ஸ்' தொடரின் நான்காம் ஆண்டு இறுதிப் பகுதி 1998இல் லண்டனில் படமாக்கப்பட்டது. நண்பர்களாகவே இருந்த சாண்ட்லர், மோனிக்கா இருவரும் ஒரே படுக்கையில் இருப்பது எதிர்பாராமல் வெளிப்படும் காட்சியில் அவையோர் எழுப்பிய ஆரவாரம் அங்கிருந்தோரைத் திகைக்க வைத்தது. சிறிது காலத்தில் முடிந்துவிடும் வேடிக்கையாக எண்ணப்பட்ட அவ்வுறவு, திருமணம் வரை வளர்க்கப்பட்டது. அந்த ஆரவாரம் எழாதிருந்தால் கதை வேறு வழியில் சென்றிருக்கும்.

பெட்டிக்குள் அடைத்த சிரிப்பு

இனிப் பொய்ச் சிரிப்பின் வரலாற்றைப் பார்ப்போம். 1950இல் ஒளிபரப்பான 'தி ஹாங்க் மெக்கூன் ஷோ' என்ற நிகழ்ச்சியிலேயே பதிவு செய்த சிரிப்பொலி சேர்க்கப்பட்டது. அதை ஒரு தொழிலாகவே வளர்த்தவர் சார்லஸ் டக்ளஸ் என்ற ஒலிப் பொறியாளர். அவர் அமைத்த கருவியில் 32 நாடா வளையங்கள். அவற்றில் 320 வகைச் சிரிப்புகள். தட்டச்சுப் பொறியில் விசைகளைத் தட்டுவது போல் தட்டினால் ஒருவர் கிளுக்கென்று சிரிப்பார். பலர் வெடித்துச் சிரிப்பர். கால்மிதியால் ஒலியைக் கூட்டலாம், குறைக்கலாம். அவர் அப்பெட்டியைப் பூட்டுப் போட்டே வைத்திருப்பார். உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பிறர் பார்க்க விடுவதில்லை. 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் வந்த பெரும்பாலான நகைச்சுவைத் தொடர்கள் அவர் வாசலில் காத்திருந்தன.

தயாரிப்பாளர்களை மட்டும் குறை கூறுவதும் முறையன்று. 1965இல் 'ஹோகன்ஸ் ஹீரோஸ்' தொடரின் முதற்பகுதியைச் சிரிப்பொலியுடனும் சிரிப்பொலியின்றியும் மக்களுக்குக் காட்டிச் சோதித்தனர். சிரிப்பொலியுடன் கூடியதையே மக்கள் விரும்பினர். தனியே சிரிக்க மனிதன் கூசுகிறான். துணைக்கு ஆள் இருந்தால் துணிகிறான். இந்தக் கூச்சத்தைத்தான் அந்தப் பெட்டி காசாக்கியது.

இதில் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். கெட்டது இது: பெட்டியிலுள்ள சிரிப்பு ஒருபோதும் மறுப்புச் சொல்லாது. வரி நன்றாக இருந்தாலும் சிரிக்கும். மட்டமாக இருந்தாலும் சிரிக்கும். எழுத்தாளனைத் திருத்த இனி யாரும் இல்லை. நடிகனைக் காத்திருக்கச் செய்ய யாரும் இல்லை. 'ஆம்' என்று மட்டுமே சொல்லத் தெரிந்த அமைச்சரை வைத்துக்கொண்ட அரசனின் நிலைதான் அத்தொடர்களுக்கு ஏற்பட்டது.

இதை முதலில் வெறுத்தவர் நடிகரே. 1970இல் தொடங்கிய 'தி ஆட் கப்புள்' தொடர் முதலாண்டில் பெட்டிச் சிரிப்புடன் வந்தது. நடித்தவர்களும் உருவாக்கியவர்களும் அதை வெறுத்தனர். இரண்டாம் ஆண்டு முதல் அவையோர் முன்னிலையில், பல காமிராக்களுடன், அத்தொடர் எடுக்கப்பட்டது.

'மாஷ்' தொடரின் கதை இதனினும் ஆழமானது. கொரியப் போர்க்களத்தின் அருகே ஓர் இராணுவ மருத்துவமனையில் நிகழும் கதை அது; 1972 முதல் 1983 வரை ஒளிபரப்பாயிற்று. சிரிப்பொலி கூடவே கூடாது என்றார் அதை உருவாக்கிய லாரி கெல்பார்ட். வேண்டும் என்றது நிறுவனம். முடிவில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. அறுவைச் சிகிச்சை அறையில் நிகழும் காட்சிகளில் சிரிப்பொலி இராது. அங்கே மருத்துவர்கள் வேடிக்கையாகப் பேசுவர். ஆனால் மேசைமேல் கிடப்பது குண்டடிபட்ட இளைஞனின் உடல். அவ்விடத்தில் பெட்டி சிரித்திருந்தால் அது மனிதச் சிரிப்பாக இருந்திராது. இத்தொடர் பிரிட்டனில் பி.பி.சி.யில் சிரிப்பொலி நீக்கப்பட்டே ஒளிபரப்பாயிற்று. எங்கே சிரிப்பது, எங்கே தலைகுனிவது என்பதை அந்நாட்டு மக்கள் தாமே கண்டுகொண்டனர்.

மெய்யும் பொய்யாகத் தோன்றிய காலம்

பொய்யால் விளையும் பெருந்தீங்கு ஏமாற்றம் அன்று; மெய்யையும் நம்ப முடியாமற் செய்துவிடுவதே. 1982இல் 'சியர்ஸ்' என்ற தொடர் தொடங்கியது. பாஸ்டன் நகரத்து மதுக்கடை ஒன்றில் நிகழும் கதை. ஹாலிவுட்டில் அவையோர் முன்னிலையிலேயே அது படமாக்கப்பட்டது. ஆனால் நேயர்கள், பொய்ச் சிரிப்பு காதைத் துளைக்கிறது என்று குறை கூறினர். நேரில் வந்து வாய்விட்டுச் சிரித்தவர்களின் சிரிப்பு, பெட்டிச் சிரிப்பாகக் கருதப்பட்டது! 1983 முதல், இத்தொடர் நேரடி அவையோர் முன்னிலையில் படமாக்கப்படுகிறது என்ற அறிவிப்பை நடிகர்களே தொடக்கத்தில் கூற வேண்டியதாயிற்று. கள்ள நாணயம் பெருகிய சந்தையில் நல்ல நாணயத்தையும் தட்டிப் பார்த்துத்தானே வாங்குவர்.

மறுப்புகள் சில

இனி எதிர்த்தரப்பாரின் வாதங்களையும் கேட்போம்.

நேரில் வந்த அவையோரின் சிரிப்பும் தூண்டப்பட்டதே என்பர். கலகலப்பாக்கும் ஆள், மிட்டாய், பாட்டு எல்லாம் எதற்கு என்பர். உண்மைதான். பின்னர் ஒலிச்சேர்க்கையின்போது சிரிப்பைச் சற்றுக் கூட்டுவதும் குறைப்பதும் உண்டு. 2020இல் கொரோனா நோய்த்தொற்றின் காரணமாக அவையோரை அழைக்க முடியாதபோது, சில தொடர்கள் வெறும் இருக்கைகளின் முன் நடித்து, பின்னர்ச் சிரிப்பைச் சேர்த்துக்கொண்டன. இவற்றை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் பசித்திருப்பவனுக்கு இலை போடுவது வேறு. அவன் உண்டதாகக் கணக்கு எழுதுவது வேறு. கலகலப்பாக்கும் ஆள் செய்வது முன்னது. பெட்டி செய்வது பின்னது.

சிரிப்பை நீக்கிவிட்டுப் பார்த்தால் இத்தொடர்களில் ஒன்றுமே இல்லை என்பர் வேறு சிலர். 'தி பிக் பாங் தியரி' போன்ற தொடர்களின் துண்டுக் காட்சிகளைச் சிரிப்பொலியை அகற்றிச் சிலர் உலவவிட்டுள்ளனர். நடிகர் பேசுகிறார், பிறகு நெடுநேரம் விழிக்கிறார், பார்க்க அசட்டுத்தனமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் ஏன் விழிக்கிறார்? அவையோர் சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருக்கிறார். தொலைபேசியில் பேசும் இருவரில் ஒருவர் குரலை மட்டும் அழித்துவிட்டு, மற்றவர் பித்தர் போல் நடுநடுவே நிறுத்துகிறார் என்று நகைப்பது நியாயமாகுமா?

மூன்றாவது வாதம் வலிமையானது. அவையோர் இருந்தால் நடிகர் கைதட்டலுக்கு ஆசைப்படுவார் என்பர். 'ஹாப்பி டேஸ்' தொடர் 1974இல் பெட்டிச் சிரிப்புடன் தொடங்கி, 1975 முதல் அவையோர் முன் எடுக்கப்பட்டது. ஹென்றி விங்க்ளர் ஏற்ற ஃபான்சி என்னும் பாத்திரம் கதவைத் திறந்து வந்தாலே கைதட்டல் கூரையைப் பிளக்கும். ஓர் ஓரப் பாத்திரமாக இருந்தவர் தொடரின் நடுவில் வந்து அமர்ந்துவிட்டார். இது உண்மையான ஆபத்து. நீதிபதி நேர்மையானவர் என்பதால் தீர்ப்பு எப்போதும் சரியாகிவிடாது. அவையோருக்கும் மயக்கம் உண்டு. அதனால்தான் சிரிப்பு உண்மையா என்று கேட்பதோடு நாம் நின்றுவிடக் கூடாது. அது எதைக் கண்டு எழுந்தது என்றும் கேட்க வேண்டும்.

எதைக் கண்டு சிரித்தோம்?

மெய்ப்பாடு எட்டினுள் நகையை முதலாவதாக வைத்த தொல்காப்பியர், அது பிறக்கும் நிலைக்களன்களை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்காகப் பகுத்தார். லூசியைக் கண்டு அமெரிக்கர் சிரித்தது பெரும்பாலும் பேதைமையாலும் மடத்தாலும் பிறந்த சிரிப்பு. அதில் நஞ்சில்லை. எள்ளலால் பிறக்கும் சிரிப்புத்தான் இருபுறமும் கூருள்ள கத்தி.

'ஆல் இன் தி ஃபேமிலி' தொடர் 1971இல் தொடங்கியது. பிரிட்டிஷ் தொடர் ஒன்றைத் தழுவி அதை உருவாக்கியவர் நார்மன் லியர். தலைமைப் பாத்திரமான ஆர்ச்சி பங்கர் நியூயார்க் நகரத்துத் தொழிலாளி; கறுப்பரையும் யூதரையும் பிறரையும் வாய்க்கு வந்தபடி இழித்துப் பேசுபவர். பெட்டிச் சிரிப்பைக் கொள்ளாமல், அவையோர் முன்னிலையிலேயே நாடாவில் பதிவு செய்யப்பட்டது என்பதை ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் அறிவித்தனர். 1972 பிப்ரவரியில் வந்த ஒரு பகுதியில் புகழ்பெற்ற பாடகரான சாமி டேவிஸ் ஜூனியர் ஆர்ச்சியின் வீட்டிற்கு வருவார். அவர் கறுப்பர், யூத சமயத்தைத் தழுவியவர். இறுதியில் இருவரும் புகைப்படத்திற்கு நிற்கும் வேளையில், சாமி டேவிஸ் சட்டென்று ஆர்ச்சியின் கன்னத்தில் முத்தமிட்டு விடுவார். அவையோர் சிரித்த சிரிப்பு அடங்க நெடுநேரமாயிற்று. ஆர்ச்சியின் அத்தனை வெறுப்பும் அந்த ஒரு முத்தத்தில் கோமாளித்தனமாகிவிட்டது. ஆயிரம் சொற்பொழிவுகள் செய்ய முடியாததை அச்சிரிப்பு செய்தது எனலாம்.

ஆனால் கதை இங்கே முடியவில்லை. நீல் விட்மார், மில்டன் ரோக்கீச் என்னும் இரு உளவியல் அறிஞர்கள் இத்தொடரைப் பார்ப்போரை ஆராய்ந்து 1974இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். இனவெறுப்பு மிகுந்தோர் ஆர்ச்சியைக் கேலிப் பொருளாகக் கொள்ளவில்லை. அவர் பேச்சில் நியாயம் கண்டனர். வாதத்தில் வெல்பவர் அவரே என்று கருதினர். ஒரே அரங்கு, ஒரே வரி, ஒரே சிரிப்பு. ஆனால் ஒருவர் ஆர்ச்சியை எள்ளிச் சிரிக்கிறார். பக்கத்தில் இருப்பவர் ஆர்ச்சியோடு சேர்ந்து பிறரை எள்ளிச் சிரிக்கிறார். ஒலிவாங்கிக்கு இந்த வேறுபாடு தெரியாது. சிரித்தவனின் நெஞ்சுக்கு மட்டுமே தெரியும்.

முடிவாக

இத்தொடரே தன் இறுதியாண்டான 1978-79இல் வழக்கத்தை மாற்றிக்கொண்டது. அவையோரின்றிப் பதிவு செய்து முடித்த பகுதியைப் பின்னர் மக்களுக்குப் போட்டுக் காட்டி, அவர்கள் சிரிப்பை எடுத்துச் சேர்த்தனர். அறிவிப்பையும் மறைக்காமல் அதற்கேற்ப மாற்றினர். சிரிப்பு மெய்தான்; ஆனால் அதற்குள் நடிகர் வீட்டுக்குப் போய்விட்டார். சிரிப்பைக் கேட்டு ஒரு சொல்லைத் தாங்கி நிற்கவோ, ஒரு பார்வையை நீட்டவோ அங்கே யாரும் இல்லை. மெய்யான சிரிப்புக்கும் மெய்யான சபைக்கும் உள்ள தொலைவை இந்த ஒரு நிகழ்ச்சியே காட்டும்.

ஆதலால் என் கருத்து இது. நகைச்சுவைத் தொடருக்கு நேர்மையான வழிகள் இரண்டே. ஒன்று, அவையோரை அழைத்து அமர்த்தி அவர்கள் தீர்ப்புக்குத் தலைவணங்குவது. மற்றொன்று, சிரிப்பொலியே இன்றிப் படமாக்கி, சிரிப்பதையும் சிரியாமல் இருப்பதையும் பார்ப்பவரிடமே விட்டுவிடுவது. அண்மைக் காலத்தில் பல தொடர்கள் இரண்டாம் வழியில் செல்கின்றன, அதுவும் மதிப்பிற்குரியதே. நடுவழியான பெட்டிச் சிரிப்பு மட்டும் கூடாது. மக்களை வரவேற்கவும் அதற்கு மனமில்லை. மக்களை நம்பவும் அதற்குத் துணிவில்லை.

தொடரை எடுப்பவர் கடமை இது என்றால், பார்க்கும் நம் கடமை என்ன? அரங்கில் அமர்ந்த முந்நூறு பேருக்கு ஒரு பெரும் உரிமை இருந்தது. அது சிரிக்கும் உரிமை அன்று. சிரிக்காமல் இருக்கும் உரிமை. அவர்கள் வாளாவிருந்ததால்தான் மட்டமான வரிகள் மறைந்தன. அந்த உரிமை விடுதி அறையில் கைபேசியைச் சுற்றி அமர்ந்திருக்கும் நால்வருக்கும் உண்டு. பக்கத்திலிருப்பவன் சிரித்தான், திரைக்குள் ஒரு கூட்டம் சிரித்தது என்பதற்காக, ஒருவனுடைய நிறத்தையோ பிறப்பையோ உடற்குறையையோ எள்ளும் சொல்லுக்கு நாமும் பல்லைக் காட்டினால், நம் வாயும் அந்தப் பூட்டிய பெட்டியின் 321ஆவது சிரிப்பாகிவிடும்.

மாணவ நண்பர்களே! அடுத்த முறை அந்தக் கூட்டம் சிரிக்கும்போது, 'யார் இவர்கள்?' என்று கேட்டு நின்றுவிடாதீர்கள். 'நான் ஏன் சிரித்தேன்?' என்றும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். விடை நல்லதாக இருந்தால் வாய்விட்டுச் சிரியுங்கள். அச்சிரிப்பு உங்களுடையது.